மலைநாட்டு மொறிஸ் மைனரும் மாற்று எஞ்சினும்

கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியிலே பழைய சிறு கார் ஒன்றைச் செலுத்துவோர்க்கு, அதன் எஞ்சின் எத்தன்மையது என்பது விரைவிலேயே விளங்கிவிடும். வளைவுக்கு மேல் வளைவாக வீதி எழ எழ, வண்டி மூன்றாம் கியரை விட்டு இரண்டாம் கியரை நாடுகின்றது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே வளியமுக்கம் கடற்கரையில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்களவே. எஞ்சின் உட்கொள்ளும் காற்றுக் குறையவே அதன் வலுவும் ஏறக்குறைய அவ்வளவு குறைகின்றது. கொழும்பிலே 30 குதிரைவலு தரும் எஞ்சின் நுவரெலியாவில் 24, 25 என்ற அளவில் நின்றுவிடும். தேயிலைத் தோட்டப் பாதைகளில் ஓடிய சிறு கார்களுக்கு வேறு எஞ்சின் பொருத்தும் எண்ணம் ஏன் எழுந்தது என்று கேட்போர் இக்கணக்கிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

அக்கார்களுள் தலையாயது மொறிஸ் மைனர். இலங்கை சுதந்திரம் பெற்ற அதே 1948ஆம் ஆண்டில், இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியிலே அது முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். அவர் மனத்தில் இருந்த எஞ்சின் வேறு. வண்டிக்குக் கிடைத்த எஞ்சின் வேறு. நான்கு சிலிண்டர்களும் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்த நிலையில் அமையும் ஒரு புதிய எஞ்சினுக்காகவே அவர் முன்புறத்தை அகலமாக வரைந்தார். செலவு மிகுமென்று அது கைவிடப்பட்டது. 1930களில் வந்த மொறிஸ் எயிட் காரின் 918 கன சென்ரிமீற்றர் எஞ்சினே அவ்விடத்தில் இருத்தப்பட்டது. அதன் வலு 27 குதிரைவலுவுக்குச் சற்று மேற்பட்டது, அவ்வளவே. இன்னும் ஒரு புதுமை: உற்பத்திக்குச் சற்று முன்னர், மாதிரி வண்டி ஒடுக்கமாகத் தோன்றுகின்றதென்று இசிகோனிஸ் அதனை இரண்டாகப் பிளந்து, நடுவிலே நான்கு அங்குலம் சேர்த்தார். முன்னரே செய்து வைத்திருந்த பம்பர்களையும் நடுவே வெட்டி ஒட்டுப்போட வேண்டியதாயிற்று. ஆகவே, வராத எஞ்சின் ஒன்றுக்காக ஒதுக்கிய இடமும், பின்னர் கூடிய நான்கு அங்குலமும் சேர்ந்து, மைனரின் பொனெற்றின் கீழே சிறு கார்களில் காணாத தாராளத்தை உண்டாக்கின. பிற்காலத்தில் உலகெங்கணும் மெக்கானிக்குகள் அவ்விடத்தையே பயன்படுத்தினர்.

முதற்கால மைனரில் தண்ணீர்ப் பம்ப் கூட இல்லை. சூடான நீர் தானே மேலெழுந்து ரேடியேற்றரிற் குளிர்ந்து கீழிறங்கும் முறையை அது நம்பியிருந்தது. இங்கிலாந்தின் சமவெளியிலே அது போதுமானதாயிருக்கலாம். நுவரெலியாவிலோ, மூடாத பாத்திரத்து நீர் 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். மலையேற்றத்தில் எஞ்சின் மிகச் சூடேறுவதும், நீர் முன்னதாகக் கொதிப்பதும் ஒருங்கே நேர்ந்தால், வண்டி வழியோரத்து ஊற்றடியில் நிற்பதன்றி வேறென் செய்யும்?

மைனருக்கு எஞ்சின் மாற்றியோருள் முந்தியவர் அதன் தயாரிப்பாளரே. 1952இல் மொறிசும் ஆஸ்ரினும் ஒன்றிணைந்து பிரிற்றிஷ் மோட்டார் கோப்பரேஷன் உருவாயிற்று. ஆஸ்ரினின் 803 கன சென்ரிமீற்றர் எஞ்சின் அவ்வாண்டே மைனருக்குள் வந்தது. அளவிற் சிறியதெனினும், வால்வுகள் சிலிண்டர்களின் மேற்புறத்தில் அமைந்தமையால் அது 30 குதிரைவலு தந்தது. ஆயினும் அந்த எஞ்சினுக்குத் தாழ்ந்த வேகத்தில் இழுவை போதாது. அதனால் பின் அச்சின் பற்சக்கர விகிதத்தையும் மாற்றினர். முன்பு சக்கரம் ஒருமுறை சுழல எஞ்சினின் தண்டு நாலரை முறை சுழன்றது, இப்பொழுது ஐந்து முறைக்கு மேற் சுழன்றது. எஞ்சின் மாற்றத் திட்டமிடுவோர் பலர் மறக்கும் பாடம் இது. 1956இல் 948 கன சென்ரிமீற்றர், 37 குதிரைவலு; 1962இல் 1,098 கன சென்ரிமீற்றர், 48 குதிரைவலு. எஞ்சின் வளர வளர அச்சு விகிதம் மீண்டும் குறைக்கப்பட்டது. கடைசி எஞ்சினோடு முன்சக்கர பிரேக்கையும் ஏழு அங்குலத்திலிருந்து எட்டு அங்குலமாகப் பெரிதாக்கினர்.

இந்த இடத்தில்தான் இலங்கையின் சொந்தக் கதை குறுக்கிடுகின்றது. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியது. புதிய கார்களின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது, உதிரிப்பாகங்களும் அரிதாயின. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, ஓடிக்கொண்டிருந்த வண்டியை எவ்வாறேனும் ஓடவைத்தலே ஒரு கலையாயிற்று. இங்கிலாந்தில் மைனரின் உற்பத்தி 1971இல் முற்றாக நின்றபொழுது 16 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. அங்கே அவை பழைய இரும்பாகிய காலத்திலும் இங்கே வாழ்வு பெற்றமைக்கு, கராஜ்களில் எண்ணெய்க் கையோடு நின்ற பெயர் தெரியாத தொழிலாளரே காரணர். நாட்டின் மோட்டார் வரலாற்றை எழுதுவோர் பந்தயக்காரரை நினைப்பதுபோல இவர்களை நினைப்பதில்லை. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து மலையேற்றப் பந்தயம் 1934 முதல் பதிவாகியிருக்கின்றது. ஆனால் ஒரு தோட்டத்து மருந்தாளரின் காரை மறுநாட்காலைக்குள் ஓடச்செய்தவனின் திறமைக்கு ஏடு எங்கே?

1977க்குப் பின்னர் ஜப்பானிய வண்டிகள் வந்து குவிந்தன. அவற்றின் பழைய எஞ்சின்கள் பிரிட்டிஷ் கார்களுக்குள் குடியேறின. இதிலே ஒரு பழைய உறவும் உண்டு: நிசான் கம்பெனி 1952இல் ஆஸ்ரினோடு ஒப்பந்தம் செய்து, அதன் கார்களைத் தன் நாட்டில் பொருத்திப் பழகிய கம்பெனியே.

ஆயினும் எஞ்சின் மாற்றம் எஞ்சினோடு முடிவதில்லை. அதே ஆஸ்ரின் குடும்பத்தின் 1,275 கன சென்ரிமீற்றர் எஞ்சினை எடுத்துக்கொண்டால் வேலை இலகு. ஆனால் மினி காரிலிருந்து கழற்றியதாயின், அதன் கியர்ப்பெட்டி எஞ்சினின் அடியிலேயே அமைந்தது; அப்படியே தூக்கி வைக்க இயலாது. ஜப்பானிய எஞ்சினாயின் அதன் கியர்ப்பெட்டியும் உடன்வரும். தரைத்தகட்டை வெட்ட நேரும், பின்செல்லும் தண்டின் நீளமும் மாறும். மைனரின் மின்சுற்றிலே பற்றரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். ஜப்பானிய முறையிலோ எதிர்முனை. இதைக் கவனியாது இணைத்தவர் புதிய ஒல்ற்றனேற்றரை எரித்துவிடுவர். டீசல் எஞ்சின் எண்ணெய்ச் செலவைக் குறைக்கும். எனினும் அதன் பாரம் முழுவதும் முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குத் தண்டுகளின் மேல் விழும். வண்டி மூக்கால் நடக்கும்.

இவை அனைத்திலும் பெரிது பிரேக். ஏற்றத்திற் பெற்ற வலுவைப் பற்றியே எல்லாரும் பேசுவர். நுவரெலியாவிலிருந்து இறங்குகையில் அதே பழைய ஏழங்குல டிரம்களே வண்டியை நிறுத்த வேண்டும் என்பதை எவரும் பேசுவதில்லை. 1962இல் தயாரிப்பாளர் தாமே உணர்ந்து செய்த திருத்தத்தை, எஞ்சினை இரட்டிப்பாக்குவோர் செய்யாது விடுவது அறியாமையன்று, அசட்டுத் துணிவே.

1990களின் தொடக்கத்தில் காலிப் பகுதியிலே டியூரபிள் கார் கம்பெனி என்னும் தொழிற்கூடம் மைனருக்கான உடற்தகடுகளைச் செய்து, அது பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பிற்று. 2020 மார்ச்சில் இலங்கை மீண்டும் வாகன இறக்குமதியை நிறுத்தியது; 2025 தொடக்கத்திலேயே தனியார் கார்களுக்கு வழி திறந்தது. அவ்வைந்து ஆண்டுகளும் பழைய கார்களின் மதிப்பை உயர்த்தின. இன்று மூல எஞ்சினோடு இருக்கும் மைனரையே சேகரிப்போர் தேடுகின்றனர். மாற்ற நினைப்பவர் முதலில் வாகனப் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தல் நன்று. எஞ்சின் இலக்கம் அதிலே பதிவாகியுள்ளது. மாற்றம் நிகழ்ந்தால் மோட்டார் வாகனத் திணைக்களத்திற் பதியவும் வேண்டும். கழற்றிய பழைய எஞ்சினை இரும்புக்கு விற்காமல், எண்ணெய் பூசிச் சாக்குப் போர்த்திக் கொட்டகையின் மூலையில் வைத்தவர்கள் சிலர் உண்டு. அவர்களிடம் இப்பொழுது விலை கேட்டு ஆட்கள் வருகின்றனர்.