எந்த அடுக்கில் வைப்பது?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன ஞாயிறு எங்கள் ஆரணி வாசகர் வட்டத்தில் பெண்ணெழுத்து நூல்களுக்குப் பட்டியல் போட்டோம். ஏ.ரேவதியின் 'வெள்ளை மொழி'யைச் சேர்க்கச் சொன்னேன். என்னோடு பணியாற்றிய தோழி, "அது திருநங்கை எழுதினதாச்சே டீச்சர், பெண்கள் பட்டியல்ல எப்படி வரும்?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நமக்கே இப்போதுதான் ஒரு முழம் இடம் கிடைத்திருக்கிறது, அதையும் பங்கு போடணுமா என்ற பயம்.

இந்தப் பயம் பழையது. அமெரிக்காவில் 1973இல் லெஸ்பியன் பெண்ணியவாதிகள் சேர்ந்து ஒலிவியா ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார்கள். அங்கே ஒலிப்பதிவு செய்த சாண்டி ஸ்டோன் ஒரு திருநங்கை. கூட இருந்தவர்களுக்கு அது தெரியும், ஏற்றுக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பு வெளியிலிருந்து வந்தது. மிரட்டல், புறக்கணிப்போம் என்ற அறிவிப்பு. கடைசியில் அவர் விலகினார். 1979இல் ஜேனிஸ் ரேமண்ட் என்ற பெண்ணியவாதி, இவர்கள் பெண்களே அல்ல என்று வாதாடி ஒரு புத்தகமே எழுதினார். அதில் ஸ்டோனையும் பெயர் சொல்லிச் சாடினார். ஸ்டோனின் பதில் கட்டுரை 1991இல் அச்சேறியது. இன்று கல்லூரிகளில் அதைப் பாடமாக வைக்கிறார்கள்.

நம் நாட்டில் கதை வேறு மாதிரி. கொல்கத்தாவில் 1999இல் பெண்களை நேசிக்கும் பெண்கள் தொடங்கியது சாஃபோ. அதன் வழிவந்த சாஃபோ ஃபார் ஈக்குவாலிட்டி 'ஸ்வகண்டே' என்ற பத்திரிகையை நடத்தியது. சொந்தக் குரலில் என்று பொருள். அந்த அமைப்பு திருநம்பிகளுக்காகவும் பேசுகிறது. ரேவதியின் சுயசரிதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் பெண்ணிய ஆய்வாளர் வ.கீதா. பெங்குயின் வெளியீடு, 2010. தமிழ்ப் புத்தகம் அதற்குப் பிறகுதான் வந்தது. அது எனக்கு இன்னும் உறுத்தல். 2016இல் அவருடைய இன்னொரு நூலை வெளியிட்டது சுபான். 1984இல் தொடங்கிய காளி ஃபார் விமன் என்ற பெண்கள் பதிப்பகத்தின் வாரிசு அது. பெண்ணியப் பதிப்பகமே கதவைத் திறந்துவிட்டது, நாம் ஆரணியில் தாழ்ப்பாளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்! 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் குயர் பப்ளிஷிங் ஹவுஸ் என்று தனி அரங்கே போட்டார்கள்.

லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' 2007இல் வந்தபோது தலைப்பிலேயே நின்றுவிட்டேன். தமிழில் 'நான்' என்ற சொல்லுக்குப் பால் கிடையாது. வந்தேன், போனேன், அழுதேன், எல்லாருக்கும் ஒன்றுதான். மற்றவர் நம்மைப் பற்றிப் பேசும்போதுதான் அவன், அவள் வருகிறது. முப்பது வருடம் இலக்கணம் நடத்தியவளுக்கு அன்றுதான் இது உறைத்தது.

அதோடு ஒரு நோட்டும் நினைவுக்கு வந்தது. ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை, தறிக்காரர் வீடு. கட்டுரையில் 'நான் பெரியவனானதும்' என்று எழுதவில்லை. 'நான் வளர்ந்ததும் ஆசிரியை ஆவேன்' என்று எழுதியிருந்தது. சிவப்பு மையால் 'ஆசிரியை'யை அடித்து 'ஆசிரியர்' என்று திருத்தி அரை மதிப்பெண் குறைத்தேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு வருவது நின்றுவிட்டது. அப்பாவோடு பாவு இழுக்கப் போவதாகச் சொன்னார்கள். பிறகு ஊரிலேயே இல்லை என்றார்கள்.

இதைத் தோழியிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. 'வெள்ளை மொழி'யைப் பையில் போட்டுக்கொண்டு போனார். பட்டியலில் அந்தப் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த ஞாயிறு மறுபடி கூடுகிறோம்.