கயிறு பிடித்த கரங்கள்

கோபுர உச்சியிலே மணி. பீடத்தின் முன்னே பாதிரியார். இரண்டுக்கும் இடையே, எவர் கண்ணிலும் படாத மணிக்கூண்டிலே, கயிறு பிடித்த கரங்கள்! மணி ஒலித்தால் தேவாலயத்தின் பெருமை பேசப்படும். ஒலிக்கச் செய்தவன் பெயரை எவர் கேட்டார்? அந்தக் கரங்களுக்கும் அங்கி அணிந்தோர்க்கும் இங்கிலாந்திலே நிகழ்ந்த பிணக்கை நாம் அறிதல் நன்று.

இங்கிலாந்தின் மணியோசை தனித்தன்மை வாய்ந்தது. ஒவ்வொரு மணியும் சக்கரத்தோடு பிணைக்கப்பட்டு முழுவட்டமாய்ச் சுழலும். மணிக்கு ஒருவராக நின்று கயிற்றை இழுப்பர். பாட்டு இசைப்பது அவர்தம் நோக்கமன்று. ஒலிக்கும் வரிசையை ஒவ்வொரு முறையும் மாற்றுவதே அக்கலை. ஏழு மணிகளை 5,040 வகையாக வரிசைப்படுத்தலாம். ஒரு வரிசை இருமுறை வரலாகாது. ஏட்டைப் பார்த்து இழுக்கலாகாது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் கை ஓயலாகாது! 1715 மே 2ஆம் நாள், நாரிச் நகரின் தூய பீட்டர் மான்கிராஃப்ட் தேவாலயத்திலே இச்செயல் முதன்முதலாகப் பிழையின்றி முடிக்கப்பட்டதாக வரலாறு கூறுகிறது. எந்த வரம் தந்தது இத்திறனை? கணக்கறிவும் நினைவாற்றலும் உழைப்புமே தந்தன!

தொடக்கத்தில் செல்வர் சிலரும் ஈடுபட்ட இக்கலை, நாளடைவில் பெரும்பாலும் உழைப்பாளர் கைக்கு வந்தது. மன்னர் பிறந்தநாள், போர் வெற்றி என்று கூலிக்கு மணியடித்தனர். மணிக்கூண்டிலே பீர்ப் பீப்பாயும் இடம் பிடித்தது. ஞாயிறன்று ஊரையெல்லாம் மணியடித்து அழைத்துவிட்டு, வழிபாடு தொடங்குமுன் இறங்கிப் போயினர் பலர்! குருமார் கொதித்தனர். மணி தமது என்றனர் குருமார். கலை தமது என்றனர் இழுப்போர்.

1821இல் பிட்டன் என்னும் ஊரிலே எல்லகோம்ப் என்ற குரு ஒரு வழி கண்டார். குருப்பட்டம் பெறுமுன் சாத்தம் கப்பல் துறையில் பொறியியல் பணி பயின்றவர் அவர். மணிகள் அசையாது தொங்கும். ஒவ்வொன்றையும் ஒரு சுத்தியல் தட்டும். சுத்தியல்களின் கயிறுகள் எல்லாம் ஒரே சட்டத்தில் வந்து சேரும். ஆகவே, ஓராள் போதும். அடங்காதோர் கூட்டம் வேண்டியதில்லை! குருமார் பலர் இப்பொறியை விரும்பி ஏற்றனர். ஆனால், சுழலும் மணியின் முழக்கம் எங்கே, சுத்தியலின் மெல்லொலி எங்கே? பல கோபுரங்களிலே அப்பொறி பின்னர்க் கேட்பாரற்றுக் கிடந்தது.

வேறு வழியும் தோன்றிற்று. குருமார் சிலர் படியேறிச் சென்று தாமே கயிறு பிடித்தனர். குடியை விலக்கும் விதிகள் வகுக்கப்பட்டன, சங்கங்கள் எழுந்தன. 1874இல் டெவன்ஷயர் சங்கமும், 1891இல் நாடு தழுவிய நடுவண் அவையும் அமைந்தன. 1896இல் ஆலிஸ் ஒயிட் என்னும் பெண்மணி முழு மணிச்சுற்றில் பங்கேற்று, ஆடவர் கோட்டையின் கதவைத் திறந்தார்.

பிணக்கு முற்றும் தீர்ந்ததா? 2016 அக்டோபரில் யார்க் பேராலயத்திலே, ஏறத்தாழ முப்பது தன்னார்வலர்களை நிருவாகம் உடனடியாக நீக்கிற்று. பாதுகாப்பு முறைகளைச் சீராக்கவே என்றது நிருவாகம். பல்லாண்டு உழைத்தோர் உள்ளம் நொந்தனர். மறு ஆண்டு புதிய குழு அமைந்தது.

தோழர்களே! இழுப்போர் குற்றமற்றோர் என்று நாம் கூறவில்லை. குடித்தது குற்றமே, அதைக் கண்டித்தது முறையே. ஆனால் குற்றத்தைக் களைவது வேறு, ஆளையே களைவது வேறு. கதவைப் பூட்டியவர் பெற்றது மெல்லொலி. படியேறிக் கயிறு பிடித்தவர் பெற்றது முழக்கம். மணி எவருடைய உடைமையாயினும் ஆகுக. ஓசை, உழைப்பவன் உடைமை!