எல்லோருக்கும் ஒரே வரிசை

நண்பர்களே, நம் விடுதி மெஸ் வாசலில் தட்டும் டம்ளருமாக நின்ற நாட்கள் நினைவிருக்கிறதா? முதலாண்டுப் பையனானாலும் சரி, இறுதியாண்டு அண்ணனானாலும் சரி, வந்த வரிசைப்படிதான் சாப்பாடு. யாராவது "தம்பி, கொஞ்சம் தள்ளிக்கோ" என்று நடுவில் நுழைந்துவிட்டால் நமக்கு வருமே ஒரு கோபம்! அந்தக் கோபத்துக்கு 150 வருடத்துக்கும் மேலான சரித்திரம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1860-ஆம் ஆண்டு அமெரிக்கா. நாட்டின் மேற்குக் கரை வரை தந்திக் கம்பி இழுக்க ஒரு சட்டம் போட்டார்கள். அதிலே ஒரு நிபந்தனை: அரசாங்கச் செய்திக்கு மட்டும் முன்னுரிமை, மற்றபடி யார் கொடுத்த தந்தியானாலும், வந்த வரிசைப்படி, பாரபட்சமில்லாமல் அனுப்ப வேண்டும். கம்பி ஒரே ஒரு கம்பெனி கையில் இருந்தால் என்ன நடக்கும் என்ற பயம் அன்றைக்கே இருந்திருக்கிறது.

அடுத்தது டெலிபோன். கான்ஸாஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர். சவ அடக்கம் செய்து கொடுப்பது அவருடைய தொழில். தனக்கு வரவேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக் கடைக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவருக்குச் சந்தேகம். போட்டிக்காரரின் மனைவிதான் அந்த ஆபரேட்டர் என்றும் ஒரு கதை சொல்வார்கள். மனிதர் சண்டைக்குப் போகவில்லை. ஆபரேட்டரே தேவைப்படாத தானியங்கி எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்து 1891-ல் காப்புரிமையும் வாங்கிவிட்டார்! அவர் பெயரிலான எக்ஸ்சேஞ்சுகள் நம் நாட்டிலும் பல்லாண்டுகள் ஓடின. அந்தக் காலத்தில் டயலைச் சுழற்றிப் பேசியவர்களில் பலர் அவருக்குக் கடன்பட்டவர்கள்தான்.

இனி இன்டர்நெட். நம் நாட்டில் பொதுமக்களுக்கு அது வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலமாக. இன்டர்நெட்டில் தகவல்கள் சிறு சிறு பொட்டலங்களாகப் போகின்றன. தபால்காரர் உறையின் மேலே உள்ள விலாசத்தைப் பார்ப்பாரே தவிர, உள்ளே இருப்பது காதல் கடிதமா, கடன் பத்திரமா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. இதுவும் அப்படித்தான். டிம் பெர்னர்ஸ்-லீ வலைத்தளம் என்பதை உருவாக்கியபோது எந்தத் தொலைபேசிக் கம்பெனியிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. 1993-ல் அவர் வேலை பார்த்த செர்ன் நிறுவனம் அதை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தது. வழியில் நிற்பவர் யாரையும் தடுக்கக் கூடாது, தாமதப்படுத்தக் கூடாது, காசு வாங்கிக்கொண்டு ஒருவரை முன்னால் விடக் கூடாது என்ற இந்தக் கொள்கைக்கு 2003-ல் டிம் வூ என்ற சட்டப் பேராசிரியர் ஒரு பெயர் வைத்தார். அதை நாம் 'இணையச் சமவாய்ப்பு' எனலாம்.

நம் ஊரில் இதற்குச் சோதனை வந்தது 2014 டிசம்பரில். இன்டர்நெட் வழியாகப் பேசுவதற்குத் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைத்தார்கள். 2015 மார்ச்சில் 'டிராய்' அமைப்பு மக்கள் கருத்தைக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் அதிகமான மின்னஞ்சல்கள் குவிந்தன. அதே வருடம் ஃபேஸ்புக் கம்பெனி, ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து, தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. சில குறிப்பிட்ட தளங்களை மட்டும் இலவசமாகப் பார்க்கலாம். பின்னால் அதற்கு 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பெயர் மாற்றினார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது நல்ல காரியமாகத்தான் பட்டது. ஒன்றுமே இல்லாத ஏழைக்குக் கொஞ்சமாவது கிடைக்கிறதே, அதை ஏன் கெடுக்க வேண்டும் என்று வீட்டில் வாதாடினேன். என் மகள்தான் மடக்கினாள். "அப்பா, லைப்ரரியில சேர்த்துக்கறோம், ஆனா நாங்க எடுத்து வைக்கிற பத்து புஸ்தகத்தைத்தான் படிக்கணும்னு உங்க காலேஜ்ல சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?" எனக்குப் பதில் வரவில்லை. நான் படித்துத் தேறியதே பாடத்திட்டத்தில் இல்லாத, அலமாரியின் கடைசித் தட்டில் கிடந்த புத்தகங்களால்தான்.

2016 பிப்ரவரி 8 அன்று டிராய் உத்தரவிட்டது: தளத்துக்குத் தளம் வேறு வேறு கட்டணம் கூடாது; மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். அதற்குப் பிறகு ஏழைக்கு இன்டர்நெட் கிடைக்காமலா போயிற்று? அதே வருடம் செப்டம்பரில் ஜியோ வந்தது. போட்டியில் டேட்டா விலை சரிந்தது. கதவைக் குறுக்காமலே கூட்டம் உள்ளே வந்தது. 2018 ஜூலையில் மத்திய அரசும் இக்கொள்கையை ஏற்றது.

ஆனால் இத்துடன் 'சுபம்' போட்டுவிட முடியாது. அமெரிக்காவில் 2015-ல் விதி போட்டார்கள், 2017-ல் எடுத்தார்கள், 2024-ல் மறுபடி கொண்டுவந்தார்கள், 2025 ஜனவரியில் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பெரிய தளங்கள் தங்களுக்குப் பங்கு தர வேண்டும் என்று தொலைபேசிக் கம்பெனிகள் நம் நாட்டிலும் கேட்டிருக்கின்றன. பெரிய தளம் கொடுத்துவிடும். நம் கல்லூரி மாணவன் விடுதி அறையில் உட்கார்ந்து ஆரம்பிக்கிற தளம் எதைக் கொடுக்கும்?

அதனால்தான், இன்று படிக்கும் தம்பி தங்கைகளே, உங்களிடம் இதைச் சொல்கிறேன். அடுத்த முறை கருத்துக் கேட்பு அறிவிப்பு வந்தால், "நமக்கென்ன" என்று இருந்துவிடாதீர்கள். படித்துப் பாருங்கள். நாலு வரியாவது எழுதிப் போடுங்கள். 2015-ல் ஜெயித்தது அப்படிப்பட்ட நாலு வரிகள்தான்.

மற்றவை நேரில். சந்திப்பு நாளன்று மதியச் சாப்பாடு பழைய மெஸ்ஸில்தானாம். பேராசிரியராகி இருந்தாலும், கலெக்டராகி இருந்தாலும், தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் வாருங்கள். நான் உங்களுக்குப் பின்னால் நிற்கிறேன்.