ஆணையில் இல்லாததை வாதத்தில் சேர்க்க முடியாது

1937-ஆம் ஆண்டின் ஏ.ஐ.ஆர். தொகுப்பில் 27-ஆம் பக்கத்திலும் 31-ஆம் பக்கத்திலும் அடுத்தடுத்து இரண்டு பிரிவி கவுன்சில் தீர்ப்புகள் இருக்கின்றன. இரண்டுமே நம் சென்னை மாகாணத்திலிருந்து லண்டன் வரை போன வழக்குகள். இரண்டையும் எழுதியவர் ரோச் பிரபு. அரசுப் பணியாளர் வழக்குகளில் அரசுக்காக ஆஜராகும் வேலைக்கு வரும் ஜூனியர்களிடம், விதிப் புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன் இந்த ஐந்தாறு பக்கங்களைத்தான் நான் படிக்கச் சொல்வேன்.

முதல் வழக்கு ரங்காச்சாரி என்ற போலீஸ் சப்-இன்ஸ்பெக்டருடையது. நியமனம் செய்த அதிகாரியைவிடக் கீழ்நிலையில் இருந்தவர் அவரை நீக்கினார். அப்படி நீக்கக்கூடாது என்று இந்திய அரசுச் சட்டத்திலேயே இருந்தது. ஆகவே அந்த நீக்கம் செல்லாது என்றது கவுன்சில். இரண்டாவது வழக்கு வெங்கட ராவ் என்பவருடையது. அவர் சென்னை அரசு அச்சகத்தில் ரீடர். விதிகள் சொன்னபடி விசாரணை நடத்தாமலே வேலையை விட்டு அனுப்பினார்கள் என்பது அவர் வாதம். விதிகளை அரசு பின்பற்றத்தான் வேண்டும் என்று கவுன்சில் ஒப்புக்கொண்டது. ஆனால், பின்பற்றாவிட்டால் கேட்க வேண்டிய இடம் நீதிமன்றம் அல்ல, மேலதிகாரிகள்தான், கடைசியாக லண்டனில் இருக்கும் இந்தியா மந்திரி என்று சொல்லிவிட்டது. அரசுப் பணி என்பது மன்னரின் விருப்பம் உள்ளவரைதான். சப்-இன்ஸ்பெக்டருக்குச் சட்டத்தின் ஒரு வரி துணை இருந்தது. அச்சக ஊழியருக்கு இருந்தது வெறும் விதி. அந்த ஒரு வித்தியாசத்தில் ஒருவர் ஜெயித்தார், ஒருவர் தோற்றார்.

அந்தக் காலத்து அரசு வக்கீலின் வேலையை நினைத்துப் பார்க்கிறேன். விருப்பக் கோட்பாட்டைச் சொன்னாலே வழக்கின் பெரும்பகுதி முடிந்துவிடும். கோப்பைப் பிரித்து, விசாரணை எப்படி நடந்தது, சாட்சி யார் என்று பார்க்க வேண்டிய அவசியமே வராமல் போயிருக்கும்.

1950-இல் எல்லாம் மாறியது. விருப்பக் கோட்பாடு 310-ஆவது பிரிவாக அரசியலமைப்புச் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது உண்மைதான். ஆனால் பக்கத்திலேயே 311 நின்றது: நியமித்தவருக்குக் கீழே இருப்பவர் நீக்கக்கூடாது, காரணம் காட்ட வாய்ப்புத் தராமல் நீக்கக்கூடாது. கூடவே 226-ஆவது பிரிவு, உயர் நீதிமன்றத்தின் கதவை நேராகத் திறந்துவிட்டது. மறுவருஷமே சென்னை அரசு உச்ச நீதிமன்றத்தில் ஒரு பணி நியமன வழக்கில் நிற்க வேண்டி வந்தது. மாவட்ட முன்சீப் பதவிக்கு 83 காலியிடங்கள். வகுப்புவாரி அரசாணைப்படி அவை ஆதிதிராவிடர் 19, முஸ்லிம் 5, கிறிஸ்தவர் 6, பிற்பட்ட இந்துக்கள் 10, பிராமணரல்லாத இந்துக்கள் 32, பிராமணர் 11 என்று பிரிக்கப்பட்டிருந்தன. 1951 ஏப்ரல் 9 அன்று, ஆதிதிராவிடருக்கும் பிற்பட்டோருக்கும் தவிர மற்றப் பங்கீடு செல்லாது என்று வெங்கடரமணா வழக்கில் தீர்ப்பானது. அதே நாளில் வந்த செண்பகம் துரைராஜன் தீர்ப்பைத்தான் ஊரெல்லாம் பேசும். அது கல்லூரி இடம் பற்றியது. அரசு வேலையைப் பற்றியது இந்த வழக்கு. இதைச் சொல்பவர்கள் குறைவு என்பதில் எனக்கு எப்போதும் வருத்தம் உண்டு.

இதற்குப் பிறகு அரசு வக்கீலின் மேஜைக்குக் கோப்பு வந்து சேர்ந்தது. என் மேஜைக்கு வருவதில் பாதி ‘பதினேழு பி’ கோப்புகள். தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கும் மேல்முறையீடும்) விதிகளில் 17(அ) என்பது சிறு தண்டனைக்கு, 17(ஆ) என்பது பெரிய தண்டனைக்கு. அலுவலகத்தில் யாரும் ‘ஆ’ என்று சொல்வதில்லை. “அவருக்குப் பதினேழு பி குடுத்துட்டாங்க” என்றால் அந்தத் தளம் முழுக்கக் குரல் தாழ்ந்துவிடும்.

அந்தக் கோப்பில் நான் பார்க்கும் வரிசை எப்போதும் ஒன்றுதான். முதலில் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் அதன் நான்கு இணைப்புகளும். முதல் இணைப்பில் குற்றச்சாட்டுகள், இரண்டாவதில் அதன் விவரம், மூன்றாவதில் ஆவணப் பட்டியல், நான்காவதில் சாட்சிப் பட்டியல். நான் முதலில் புரட்டுவது நான்காவதை. அதில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தால் அப்போதே வயிற்றைக் கலக்கும். தென்மாவட்ட அலுவலகம் ஒன்றிலிருந்து இரவு பஸ் பிடித்து வந்த கண்காணிப்பாளர் ஒருவரோடு அப்படி ஒரு கோப்பைப் பார்த்தேன். பணத்தைக் கையாடியதாக ஓர் எழுத்தர் மேல் குற்றச்சாட்டு. விசாரணை அலுவலர், குற்றம் சாட்டப்பட்டவரை உட்காரவைத்துக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டிருக்கிறார்; புகார் கொடுத்தவர் வரவே இல்லை, ரசீதுப் புத்தகத்தை யாரும் சாட்சியாகக் காட்டவில்லை. அறிக்கை ஒன்றரைப் பக்கம். அதற்கு அந்த எழுத்தர் கொடுத்த கூடுதல் விளக்கம் பதினோரு பக்கம். தண்டனை ஆணையில் அந்தப் பதினோரு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே வரி: ‘விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை.’

“மேடம், அவரு எடுத்தது ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். கவுன்டர்ல நாம கொஞ்சம் விளக்கமா போட்டுடலாமே?” என்றார் கண்காணிப்பாளர். கவுன்டர் என்பது அரசுத் தரப்பின் பதில் பிரமாணப் பத்திரம்.

“ஆர்டர்ல இல்லாத காரணத்தை நான் கவுன்டர்ல எப்படி சார் சேர்க்கிறது? ஜட்ஜ் முதல்ல ஆர்டரைத்தான் படிப்பார்.”

அவர் நேர்மையான மனிதர். எழுத்தர் தப்பு செய்தார் என்று மனசார நம்பினார். அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் 1952-இல் வெளியான ஒரு தீர்ப்பில் நீதிபதி விவியன் போஸ் சொன்னதை, 1977 டிசம்பரில் மொகிந்தர் சிங் கில் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் உறுதியாக நிலைநாட்டினார்: ஓர் ஆணை அதில் எழுதப்பட்ட காரணங்களால்தான் நிற்க வேண்டும், பிறகு பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சேர்த்து அதை நிமிர்த்த முடியாது. இரண்டுமே ஊழியர் வழக்குகள் அல்ல. முதலாவது பம்பாயில் ஒரு சினிமா கொட்டகை உரிமம், அடுத்தது பெரோஸ்பூர் தேர்தல். ஆனாலும் என் தொழிலை இந்த அளவுக்கு ஆண்ட வாக்கியம் வேறு இல்லை. 2008 டிசம்பரில் ரூப் சிங் நேகி வழக்கு, துறை விசாரணையிலும் ஆவணத்தைச் சாட்சி மூலம் மெய்ப்பிக்க வேண்டும் என்றது. அதோடு அந்தத் தண்டனை ஆணையின் கதை முடிந்தது.

நடுவில் ஒரு பதினெட்டு வருஷம் அரசுப் பணியாளர் வழக்குகள் நேராக உயர் நீதிமன்றத்துக்கு வரவில்லை. 1985-ஆம் ஆண்டு நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டத்தின்படி 1988 டிசம்பரில் தமிழ்நாடு நிர்வாகத் தீர்ப்பாயம் வந்தது. நீதித்துறை உறுப்பினரும், ஆட்சிப் பணியில் இருந்து வந்த உறுப்பினரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அங்கே போடும் மனுவைக் குறிக்கும் ‘ஓ.ஏ.’ என்ற இரண்டெழுத்து அப்போது எல்லா அலுவலகங்களிலும் பழகிப்போனது. 1997-இல் சந்திர குமார் தீர்ப்பு, தீர்ப்பாயத்தின் முடிவை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு பார்க்கலாம் என்றதும், ஒரு படி கூடியது.

அந்த அமைப்பு எவ்வளவு தாங்கும் என்பது 2003 ஜூலையில் தெரிந்தது. ஜூலை 2-இல் வேலைநிறுத்தம். அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்துக்கு அவசரச் சட்டம் மூலம் திருத்தம் வந்து, சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் நீக்கப்பட்டார்கள். குறிப்பாணை, விளக்கம், விசாரணை எதுவும் இல்லை. தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்றது உயர் நீதிமன்றத்தின் அமர்வு. தீர்ப்பாயத்தில் அப்போது இருந்தவர் ஒரே ஒருவர். டி.கே. ரங்கராஜன் வழக்கில் ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எம்.பி. ஷாவும் ஏ.ஆர். லட்சுமணனும், இத்தனை பேரை அங்கே அனுப்பியது சரியல்ல என்றார்கள். அதே தீர்ப்பில், வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு எந்த உரிமையும் இல்லை என்றும் சொன்னார்கள். நிபந்தனையற்ற மன்னிப்பும், நடத்தை விதி 22-ஐ மதிப்போம் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துப் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். மீதி இருந்த ஆறாயிரத்துச் சொச்சம் பேரின் விஷயத்தை ஓய்வுபெற்ற மூன்று நீதிபதிகள் பார்த்தார்கள்.

அந்த ஜூலையை அரசின் வெற்றி என்று சொல்பவர்கள் உண்டு. நான் அரசுக்காக வாதாடுகிறவள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. சட்டத்தின் பேரில் ஒரு வாசகம் கிடைத்தது. ஆனால் விசாரணையில்லாத நீக்கத்தை, அத்தனை எண்ணிக்கையில், எந்த நீதிமன்றத்திலும் நின்று நியாயம் என்று சொல்லும் துணிவு எனக்கு வராது. ஒரு எழுத்தருக்கு நான்கு இணைப்பும் வேண்டும் என்றால், லட்சம் பேருக்கும் அது வேண்டும்.

2006-இல் தீர்ப்பாயம் கலைந்தது. ஓ.ஏ.க்கள் எல்லாம் ரிட் மனுக்களாக மறு எண் பெற்று உயர் நீதிமன்றத்துக்கு வந்தன. 2004 ஜூலையிலேயே மதுரைக் கிளை திறந்திருந்ததால் தெற்கத்திக் கோப்புகள் அங்கே போயின. அதே 2006-இல் இன்னொரு ஊற்று திறந்தது. பிப்ரவரி 28-ஆம் தேதியிட்ட அரசாணை எண் 22: அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று பத்து ஆண்டு முடித்த தினக்கூலிப் பணியாளர்களை நிரந்தரமாக்கலாம். ஆறு வாரத்தில், ஏப்ரல் 10 அன்று, உமாதேவி தீர்ப்பு வந்தது: முறையான தேர்வு இல்லாமல் நுழைந்தவருக்கு நிரந்தரம் கேட்க உரிமையில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றவர்கள் இரவுக் காவலர்கள், துப்புரவுப் பணியாளர்கள், தோட்டக்காரர்கள். 2013-இல் அரசாணை 74 வந்து, பகுதிநேரப் பணியாளருக்கு 22 பொருந்தாது என்றது. காலை ஆறு மணிக்கு அலுவலகத்தைத் திறந்து மாலை பூட்டும் ஒருவரைப் ‘பகுதிநேரம்’ என்று எழுதிய பதிவேடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பதிவேட்டை நீதிமன்றத்தில் காட்ட வேண்டியதும் நான்தான்.

இப்படிப்பட்ட கோப்புகளுக்கு மேல்முறையீடு தகுதியுள்ளதா என்று துறை கருத்துக் கேட்கும்போது, தகுதியில்லை என்று எழுத வேண்டிய இடத்தில் எழுதிவிடுகிறேன். எழுத்தரின் கோப்பிலும், ஆணையைக் காத்து வாதாடத் தகுதியில்லை என்றுதான் எழுதினேன். பணம் போனது உண்மையென்றால், ஆணையை விட்டுக்கொடுத்துவிட்டு, புகார்தாரரையும் ரசீதுப் புத்தகத்தையும் நான்காவது இணைப்பில் சேர்த்து, விசாரணையை அந்தக் கட்டத்திலிருந்து மறுபடி நடத்த நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம் என்றும் சேர்த்தேன். கூடவே காலத்தையும் எச்சரித்தேன்: பத்து வருஷம் கழித்துக் கொடுத்த குறிப்பாணையை வீட்டுவசதி வாரியத்துக்கு எதிரான பி.வி. மகாதேவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-இல் ரத்து செய்திருக்கிறது. எழுத்தருக்கு ஓய்வுபெற இன்னும் ஏழு மாதம்தான். துறை ஒப்புக்கொண்டது. அடுத்த திங்கட்கிழமை அந்தக் கண்காணிப்பாளரே வந்து, நான்கு சாட்சிகளின் பெயரோடு புது வரைவை என் மேஜையில் வைத்தார்.