தமிழ்த் திரையில் திருநங்கையர்

திருநங்கையரின் கதையைத் தமிழ்ப்படங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. அவர்களையே நடிக்க அழைத்தது அரிது.

அவர்களுக்கெனப் பழைய தென்னார்க்காட்டில் ஓர் அரங்கு முன்பே உண்டு. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள கூவாகம், 1993 வரை கடலூரைத் தலைநகராகக் கொண்ட அம்மாவட்டத்தில் இருந்தது. அங்கே சித்திரைத் திருவிழாவில், பாரதக்கதையில் களப்பலியாகப்போகும் அரவானை (கூத்தாண்டவரை) மணந்து திருநங்கையர் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்வார்கள். மறுநாள் தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப்புடவை உடுத்தி ஒப்பாரி வைப்பார்கள். கடலூர் தேவனாம்பட்டினம், சிதம்பரத்தையொட்டிய திருவேட்களம், பரங்கிப்பேட்டை அருகே கொத்தட்டை ஆகிய ஊர்களிலும் கூத்தாண்டவர் வழிபாடு உண்டு.

திரைப்படங்களோ அவர்களை நெடுங்காலம் கேலிக்கும் வில்லத்தனத்துக்குமே பயன்படுத்தின. கலவரத்தில் சிறுவனைக் காப்பாற்றும் 'பம்பாய்' (1995) திருநங்கை ஒரு விலக்கு. 'அப்பு'வில் (2000) பிரகாஷ்ராஜ் கொடூரமான மகாராணியானார். 'காஞ்சனா'வில் (2011) சரத்குமாரின் பாத்திரம் மக்களின் அன்பைப் பெற்றது.

2008இல் விஜய் டிவியில் 'இப்படிக்கு ரோஸ்' நிகழ்ச்சியை ரோஸ் வெங்கடேசன் தொகுத்து வழங்கியது பெரிய திருப்பம். வீட்டுக்கூடத்தில் குடும்பத்தோடு பார்க்கும் நிகழ்ச்சியில் கேள்வி கேட்பவரே திருநங்கை. 2011இல் 'நர்த்தகி' படத்தில் திருநங்கையான கல்கி சுப்ரமணியம் நடித்தார். ஆனால் வாய்ப்பு கிடைத்தாலே மரியாதையும் கிடைத்துவிடாது: 'ஐ' (2015) படத்தில் திருநங்கையான ஓஜாஸ் ரஜனி ஏற்ற வேடம் ஏளனத்துக்கு உள்ளாக்கப்பட்டதால் திருநங்கையர் கொதித்துப் போராடினர். 'அருவி'யில் (2017) அஞ்சலி வரதன் நடித்த எமிலி, நாயகியின் உற்ற தோழி. எய்ட்ஸோடு வாழும் அருவிக்கு அவள்தான் துணை. 'பேரன்பு' (2019) படத்தில் திருநங்கையான அஞ்சலி அமீர் நடித்தார். இவ்விரு பாத்திரங்களும் பரிதாபம் கேட்டு நிற்காதவை, அதனாலேயே முக்கியமானவை.

அமெரிக்காவில் கறுப்பினத் திருநங்கையருக்கு 'போஸ்' (2018) தொடர் வழி திறந்தது. அதில் நடித்த மைக்கேலா ஜே ரோட்ரிகஸ் 2022இல் கோல்டன் குளோப் வென்றார். இங்கே சாதியும் சேர்ந்து கதவடைக்கிறது. தலித் திருநங்கையான லிவிங் ஸ்மைல் வித்யா நாடக நடிகை. 'நந்தலாலா' படத்தில் உதவி இயக்குநராக இருந்தவர். அவருடைய தன்வரலாறு 'நான், வித்யா' (2007) 'நானு அவனல்ல அவளு' என்ற கன்னடப்படமானது. அவர் வேடத்தில் நடித்து 2014ஆம் ஆண்டுக்கான தேசிய விருது பெற்றவர் சஞ்சாரி விஜய். 2017க்கு வங்காள 'நகர்கீர்த்தன்' படத்தின் திருநங்கை வேடத்துக்காக ரித்தி சென்னும், 2019க்கு 'சூப்பர் டீலக்ஸ்' படத்தின் திருநங்கை ஷில்பா வேடத்துக்காக விஜய் சேதுபதியும் தேசிய விருது பெற்றனர். மூவரும் நன்றாகவே நடித்தார்கள், மூவரும் ஆண்கள்.