மாயரின் கேணிகள்

மெக்சிக்கோ நாட்டின் யுக்கட்டான் குடாநாட்டில், வடபகுதி நிலத்தின் மேல் ஆறுகள் ஓடுவதில்லை. பெய்யும் மழையைச் சுண்ணாம்புக்கல் நிலம் உறிஞ்சிவிடும். நிலத்தடிக் குகைகளின் கூரை இடிந்து வீழ்ந்த இடங்களிலேயே நீர் கண்ணுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். செனோட்டே எனப்படும் இக்கேணிகளை நம்பியே அங்கு மாயரின் நகரங்கள் எழுந்தன. சிச்சென் இட்சா என்னும் நகரப் பெயருக்கே, 'இட்சா மக்களின் கிணற்று வாயில்' என்பது பொருள்.

மெரிடா நகரிலிருந்து வழிகாட்டியுடன் காலையிற் புறப்படுவோர், அங்கே குக்குல்கான் கோயிலைக் காண்பர். அதன் நாற்புறமும் பக்கத்துக்கு 91 படிகள். உச்சி மேடையையும் சேர்த்தால் ஆண்டின் நாட்களைப்போல 365. அங்கிருந்து வடக்கே செல்லும் பழைய பாதை, ஏறத்தாழ 60 மீற்றர் அகலமுள்ள புனிதக் கேணியை அடைகிறது. மழை வேண்டி மாயர் அதனுள் பொன்னையும் பச்சைக்கல்லையும், மனித உயிரையுங்கூடக் காணிக்கையாக இட்டனர். 1904ஆம் ஆண்டு முதல் எட்வேட் தொம்சன் என்னும் அமெரிக்கர் அதன் சேற்றை அள்ளுவித்தபோது, அப்பொருள்களும் எலும்புகளும் வெளிப்பட்டன.

புனிதக் கேணியில் நீராடுதல் கூடாது. ஆகவே பயணிகள் அருகிலுள்ள இக் கில் கேணியில் நீந்துகின்றனர். இறங்குமுன் உடலைக் கழுவுமாறு அவர்கள் பணிக்கப்படுகின்றனர். இதற்குத் தக்க காரணமுண்டு. குகைவழியே நீர் நெடுந்தூரம் ஓடுவதால், ஓரிடத்து அழுக்குப் பிறிதோர் ஊரின் குடிநீரைச் சேரலாம். மாயரின் வழித்தோன்றல்கள் இன்றும் அந்நிலத்தடி நீரையே நம்பி வாழ்கின்றனர். முன்னோர் தெய்வமாகப் போற்றிய நீரைத் தூய்மை கெடாது காப்பது, அதில் நீந்தி மகிழும் விருந்தினர்க்கும் உரிய கடமையாகும்.