தேனிலவில் மூவர்

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்திற்குத் தேனிலவு செல்லும் இணையர் பலர், கிராஸ்மியரில் வேர்ட்ஸ்வொர்த் வாழ்ந்த வீட்டையும் பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்வதுண்டு. அவ்வீட்டுக்குப் புதுமணப்பெண் வந்த வண்டியில் மூவர் இருந்தனர்.

1802 அக்டோபர் 4 அன்று யார்க்‌ஷயரின் பிராம்ப்டன் தேவாலயத்தில் வில்லியமுக்கும் மேரி ஹட்சின்சனுக்கும் திருமணம். தங்கை டாரதி தேவாலயத்திற்குச் செல்லவில்லை. முந்தைய இரவு மணமோதிரத்தைத் தான் அணிந்திருந்ததையும், மணம் முடிந்த செய்தி வந்ததும் கட்டிலில் உணர்வற்றுக் கிடந்ததையும் அவரே நாட்குறிப்பில் எழுதியுள்ளார். மோதிர வரிகள் பின்னாளில் மையால் அடிக்கப்பட்டன. அன்றே மூவரும் புறப்பட்டனர். 6ஆம் நாள் மாலை வீடு சேர்ந்தனர். மெழுகுவர்த்தி ஒளியில் தோட்டத்துச் செடிகளின் வளர்ச்சியைக் கண்டு வியந்தனர்.

இதில் முறைபிறழ்ந்த காதலைத் தேடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆறு வயதில் தாயை இழந்து, உறவினர் வீடுகளில் வளர்ந்த பெண் டாரதி. அண்ணனோடு அமைத்த இல்லம் கைநழுவிவிடுமோ என்ற அச்சமே அந்தக் கட்டிலில் கிடந்தது என்பேன்.

நாம் பாடப்புத்தகத்தில் படித்த டாஃபடில் மலர்களை அவ்வாண்டு ஏப்ரல் 15 அன்று அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் இருவரும் சேர்ந்தே கண்டனர். டாரதியின் குறிப்பே முந்தியது. கவிதையோ தனித்தலைந்தவன் கூற்றாக அமைந்தது! அதன் மிகச் சிறந்த இரு வரிகள் மேரி தந்தவை என்று கவிஞரே ஒப்புக்கொண்டார்.

1850இல் வில்லியம் மறைந்தார். நெடுங்காலம் நோயுற்றிருந்த டாரதி, மேரியின் பராமரிப்பில் 1855 வரை வாழ்ந்தார்.